எல்லாரும் வந்த கூட்டம்

— அக்கா, அந்தச் சுரண்டிய கீழ வைங்க. ப்ளீஸ்லா. இன்னும் கொஞ்ச நேரத்துல அழகுத் தெருப் போட்டி ஜட்ஜஸ் எல்லாம் தெருவுக்குள்ள வந்துடுவாங்க.

— வரட்டும். நான் என்ன அவங்க வழியில படுத்தா கெடக்கேன்? என் கதவ நான் சுரண்டறேன்.

— உங்க கதவுதான், இல்லங்கல. ஆனா இந்தத் தெருவுல எல்லாக் கதவும் ஒரே நீலம். அதத்தானே பாக்க வராங்க. நடுவுல இது ஒன்னு மட்டும் சொறி புடிச்ச மாதிரி நின்னா என்ன நெனப்பாங்க?

— சொறி புடிச்ச கதவுன்னு நெனப்பாங்க. தள்ளி நில்லு கீர்த்தி, தூசி உன் சேலையில விழுது. இந்த வெயில்ல எதுக்குப் பட்டு கட்டிட்டு வந்த?

— நீங்கதானே கட்டச் சொன்னீங்க! "பரிசு குடுக்கறவங்க வரப்போ ஆபீஸ் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்காத"ன்னு.

— சொன்னனா? சொல்லியிருப்பேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

— மீனாக்கா, நான் சீரியஸா கேக்கறேன். இந்த ஒரே கலர் ஐடியா யாரோடது?

— என்னோடது.

— இந்தத் தெருவச் சீர்படுத்தற வேலைய எடுத்தப்போ, எங்க ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒரு கலருன்னு டிசைன் போட்டு வச்சிருந்தாங்க. நீங்கதான் எந்திரிச்சு நின்னு, "ஹோட்டல் மொதலாளி தவுக்கே கதவு பளபளன்னு இருக்கு, முஸ்தஃபா பாய் கதவு இத்துப் போயிருக்கு, தனித்தனியா அடிச்சா இல்லாதவன் கதவு தனியாத்தான் தெரியும், எல்லாருக்கும் ஒன்னே அடிங்க"ன்னு சொன்னீங்க. அத எத்தன எடத்துல போயி சொல்லியிருக்கேன் தெரியுமா? தெருவுல இருக்கறவங்க வாயத் தொறந்தா இப்படித்தான் தொறக்கணும்னு.

— நல்லாத்தான் பேசியிருக்கேன்.

— தனியா யாரும் மாத்தக்கூடாது, மாத்தணும்னா கூட்டம் போட்டுத்தான் மாத்தணும்னு சொன்னதும் நீங்க.

— அதுவும் நாந்தான். இங்க வா, இந்த மூலையப் பாரு. தெரியுதா?

— என்னது?

— பச்ச. அடியில அப்படியே இருக்கு. நல்லவேள, நம்ம ஆளுங்க வேல செஞ்ச லட்சணம் அப்படி. கோத்தோங் ரோயோங், தெருவே சேந்து வேல செய்யப் போறோம்னு வந்தவங்க, பழசத் தேய்க்காமலே மேல பூசிட்டு நாசி லெமாக் திங்கப் போயிட்டாங்க. ஒழுங்கா தேச்சிருந்தா இன்னிக்கு நான் எங்க போயி முட்டிக்குவேன்?

— சிரிக்காதீங்க. இந்தப் பரிசு வெறும் கேடயமும் போட்டோவும் இல்ல. ஜெயிச்சா பின்னால இருக்கற லோங்கான ஒடச்சிட்டு புதுசா கட்டித் தராங்க. பெரிய மழ பேஞ்சு கடலும் ஏறினா, அந்தச் சாக்கடத் தண்ணி நேரா பாய் அடுப்படிக்கு வருது. அவரு மருமக கைப்புள்ளையோட மேச மேல ஏறி உக்காந்திருந்தத நீங்கதான் படம் புடிச்சு எனக்கு அனுப்பினீங்க.

— மறக்கல.

— அப்போ அவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?

— அவருகிட்டயே கேளு. இந்த உப்புத்தாள் யாரு குடுத்ததுன்னு நெனக்கிற?

— பாயா?

— காலைல தொழுதுட்டு வந்தாரு. "தேய்ங்க அக்கா, தண்ணி எங்களுக்குப் பழகிப் போச்சு"ன்னாரு. குடுத்துட்டுப் போயிட்டாரு. இந்தச் சுரண்டி ஷாருலோடது, மோட்டார் பட்டறையிலேருந்து தூக்கிட்டு வந்தான். நெலையில தொங்குதே மால, அது பூக்கடச் சின்னம்மா கட்டினது.

— அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.

— நீ இந்தத் தெருவுல இருக்கறவ இல்லல்ல.

— இத்தன வருசமா வரேன், அக்கா.

— வந்து போற. அதத்தான் சொன்னேன். மொகத்தத் தூக்காத.

— ஓம், தூக்கல. சொல்லுங்க.

— உங்க சிலோன்காரங்களோட இந்த 'ஓம்' இருக்கே, சண்ட போட வந்தவ வாயில கூட சாமி கும்பிடற மாதிரி கேக்குது.

— பேச்ச மாத்தாதீங்க. வீராசாமி அங்கிள் எங்க? அவரு இருந்தா பொண்டாட்டிய இப்படி வெயில்ல நிக்க விடுவாரா? மகன் வீட்டுக்கு, புக்கிட் மெர்தாஜாம் போயிருக்காருன்னு சொன்னீங்க. ரொம்ப நாளாச்சே.

— மகன் வீட்டுலதான் இருந்தாரு. இப்போ பக்கத்துல ஒரு ஹோம்ல. வயசானவங்கள வச்சுப் பாத்துக்கற எடம்.

— ஹோமா? ஏன்?

— மறதி, கீர்த்தி. உனக்குத் தெரியாதா, கேட்டதையே கேப்பாருன்னு?

— தெரியும். பாக்கறப்பல்லாம் "கல்யாணம் கட்டிட்டியாம்மா"ன்னு கேப்பாரு. கேலி பண்றாருன்னு நெனச்சேன். நானும் தெனம் ஒரு பதில் சொல்லுவேன்.

— கேலி இல்ல. தெனமும் புதுசாத்தான் கேட்டாரு. ஆனாலும் ஓட்டினோம், கேட்டியா? எப்படி ஓட்டினோம்? இந்தத் தெருவாலதான். டீ குடிக்கப் போவாரு, திரும்பி வரப்போ வழி மறந்து நிப்பாரு. சின்னம்மா கையப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்பி விடுவா. பாய் "வாங்கண்ணே"ன்னு கூடவே பேசிக்கிட்டு நடப்பாரு. ஷாருல் பட்டறைக்குள்ளேருந்தே ஸ்பேனர நீட்டி, "அங்கிள், ரூமா ஹிஜாவ்"ம்பான். பச்ச வீடு. அந்தப் பச்ச கண்ணுல பட்டாப் போதும், யாரும் ஒன்னும் சொல்ல வேணாம், நேரா உள்ள வந்து உக்காந்து பேப்பரப் பிரிச்சிருவாரு.

— இது அவரு அடிச்ச பச்சையா?

— வேற யாரு? கப்பல் பட்டறையில வேல செஞ்சப்போ மிச்சமானத டின்ல கொண்டாந்து அடிச்சாரு. கப்பல் தளத்துக்கு அடிக்கறது. அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி அதே பச்ச. மேல மேல அடிச்சு கதவு தடிச்சுப் போயி, மழ நாள்ல சாத்தவே முடியாது. "எத்தன சட்டதான் போட்டு விடுவீங்க இந்தக் கதவுக்கு"ன்னு ஏசுவேன். "கப்பல் பெயிண்ட்டுடி, தண்ணி உள்ள வராது"ம்பாரு.

— அதத்தான் நாங்க நீலமாக்கிட்டோம்.

— நீங்க இல்ல. எல்லாருக்கும் முன்னாடி மொத பிரஷ் வச்சது நான். நீ வீடியோ எடுத்த. அவரும் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நின்னாரு. மறுநாளே, "இது யாரு வீடு, வா நம்ம வீட்டுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சுட்டாரு. பழகிரும்னு நெனச்சேன். இல்லாட்டியும் தெருவுல ஆளு இருக்கே, கையப் புடிச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்.

— விட்டாங்கதானே?

— விட்டாங்க. உன் கூட்டம் வரைக்கும் விட்டாங்க.

— எந்தக் கூட்டம்?

— லோங்கான் கூட்டம். கோயில் மண்டபத்துல போட்டமே.

— ஓம்! ஒரு வீடு விடாம வந்தாங்களே! நாங்க நடத்தினதுலயே அப்படி ஒரு கூட்டம் கெடயாது. அந்தப் போட்டோதான் இன்னும் எங்க ஆபீஸ் சுவத்துல இருக்கு.

— வீடு வீடாப் போயி நான் கூப்பிட்டேன். ஷாருல பட்டறைய மூட வச்சேன். சின்னம்மா பூவெல்லாம் ஈரத்துணி போட்டு மூடிட்டு வந்தா. பாய், தவுக்கே, அத்தன பேரும் உள்ள. நீ மைக்கப் புடிச்சிக்கிட்டு, "இதுதான் சமூகம்"னு சொல்லி கை தட்டின. எல்லாரும் தட்டினோம்.

— அக்கா...

— அவரு அப்பத்தான் டீ குடிச்சிட்டுத் திரும்பியிருக்காரு. தெருவுல ஒரு ஆளு இல்ல. எல்லாக் கதவும் நீலம். எல்லாம் சாத்திக் கெடக்கு.

— வேணாம்க்கா. சொல்லாதீங்க.

— கேட்டல்ல, கேளு. ஹோட்டல் வாசல்ல கேமரா இருக்கு. தவுக்கே அப்புறம் எனக்குப் போட்டுக் காட்டினாரு. ஒவ்வொரு கதவாத் தட்டறாரு. சும்மா தட்டல, செருப்ப கழட்டி ஓரமா வச்சிட்டு, அடுத்தவங்க வீட்டுக்குப் போற மாதிரி மரியாதையாத் தட்டறாரு. கொஞ்சம் நிக்கறாரு. செருப்ப மாட்டிக்கிட்டு அடுத்த கதவு. இந்தக் கதவையும் தட்டினாரு, கீர்த்தி. சாவி அவரு சட்டப் பையிலதான் இருந்துச்சு. தட்டினாரு, நின்னாரு, தாண்டிப் போயிட்டாரு.

— நீங்க அன்னிக்கு நடுவுல எந்திரிச்சீங்க. "ஒரு எட்டு வீட்டப் பாத்துட்டு வந்துடறேன்"னு.

— ஆமா.

— நான்தான் உங்க கையப் புடிச்சு உக்கார வச்சேன். தவுக்கேயும் பாயும் கத்திக்கிட்டு இருந்தாங்க. நீங்க போனா கூட்டம் கலைஞ்சிடும்னு பயந்துட்டேன். "கொஞ்சம் இருங்க அக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க"ன்னு...

— நீ சொன்ன, நான் உக்காந்தேன். கட்டியா போட்ட? எனக்கும் அந்த நாக்காலி பிடிச்சுத்தான் இருந்துச்சு. விடு.

— எப்படி விடறது? எங்க கெடச்சாரு?

— மறுநாள் காலைல, ஃபெரி ஏறுற எடத்துல. பழைய வேலைக்குப் போகப் பாத்தாரு போல. காலெல்லாம் கொப்புளம். என்னப் பாத்ததும் கோவிக்கக்கூட இல்ல. "மீனாட்சி, வீட்ட மாத்திட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னு கேட்டாரு.

— கடவுளே. ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?

— சொல்லி? நீ அழுவ. உக்காந்து அழுதா லோங்கான் வேல நிக்கும். அப்புறம் அந்தப் புள்ள இன்னொரு மழைக்கும் மேச மேல உக்காரணும்.

— அந்தப் போட்டோவ மொதல்ல ஆபீஸ் சுவத்துலேருந்து எடுக்கணும்.

— ஒன்னு சொல்லட்டுமா? நீங்க வரப்பல்லாம், "உங்களுக்கு என்ன வேணும், என்ன வேணும்"னு கேட்டீங்க. நாங்களும் வெளக்கு வேணும், லோங்கான் வேணும், பெயிண்ட் வேணும்னு அடுக்கினோம். "உங்களுக்கு இங்க என்ன இருக்கு"ன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். இந்தப் பச்ச எனக்கு இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது.

— இன்னிக்கு ஏன் சுரண்டறீங்க? ஏன் இன்னிக்கு?

— இன்னிக்குத்தான் கூட்டிட்டு வரான், கோகுலன். என் மகன். அவனுக்கு எம்மேல கோவம். "ஊருக்கு ஒழைக்கப் போயி அப்பாவத் தொலச்சிட்டீங்க"ன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னான். அதுக்கப்புறம் சொல்லல. அந்த ஒன்னு போதும், இன்னும் உள்ளுக்குள்ள கெடந்து குத்துது.

— அப்படி நெனச்சுத்தான் ஹோம்ல விட்டாரா?

— கெட்டவன் இல்ல. அவனும் அவன் பொண்டாட்டியும் புக்கிட் தெங்காவுல ஃபேக்டரி வேல, ஆளுக்கொரு ஷிப்டு. பகல்ல பாத்துக்க ஆளில்ல. நான் இங்க கூட்டிட்டு வந்துடறேன்னு கெஞ்சினேன். "அது அவருக்கு யாரு வீடோ, மறுபடியும் எறங்கிப் போயிருவாரு"ங்கறான். கடைசியில எறங்கி வந்தான். ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வரேன், அப்பா தன் வீடுன்னு தெரிஞ்சு தானா உள்ள வந்தா இங்கயே விட்டுட்டுப் போறேன், கூட ஒரு ஆளும் வச்சுத் தரேன்னான்.

— தெரியலன்னா?

— ஹோம்லயே கடைசி வரைக்கும். அதுக்கப்புறம் கேக்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்.

— இப்போ எங்க இருக்காங்க?

— கடல் பாலத்துல வந்துக்கிட்டிருக்காங்க.

— ஐயோ. புதுசா பச்ச பெயிண்ட் வாங்கி அடிச்சிருக்கலாமே, அக்கா?

— எல்லாக் கடையும் ஏறி எறங்கினேன். ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கலந்து தரேன்னான். கொண்டாந்து வச்சுப் பாத்தா, அது மருந்துக்கடப் பச்ச. இது பாசிப் பச்ச. அவரு கண்ணு பழகினது இதுக்குத்தான்.

— உங்கள அவருக்குத் தெரியும்தானே?

— என்னைய எங்க மறக்கப் போறாரு! வீடு மறக்கும், மகன் பேரு மறக்கும். நான் ஹோம் வாசல்ல கால வச்சா, "மீனாட்சி, சாப்பிட்டியா"ன்னுதான் மொத வார்த்த. கொஞ்ச நாளா எனக்குக் காய்ச்சல், போக முடியல. அதனால என்ன? என்னைய விடு, வீடு தெரியணும். அதான் எனக்குக் கவல.

— இன்னொரு உப்புத்தாள் இருக்கா?

— எதுக்கு?

— குடுங்க.

— சேல, கீர்த்தி.

— சேல கெடக்கட்டும். நான் கீழ் பாதிய தேய்க்கறேன். நீங்க மேல போங்க.

— உன் ஜட்ஜுங்க?

— இமானுக்கு மெசேஜ் போட்டுட்டேன். கூட வேல செய்யறவதான், பாத்துக்குவா. பின்பக்கமா கூட்டிட்டுப் போயி லோங்கான மொதல்ல காட்டச் சொல்லியிருக்கேன். அந்த நாத்தத்துல நின்னு யோசிக்கட்டும். கதவப் பத்திக் கேட்டா நான் சொல்லிக்கறேன், இது இந்தத் தெரு எடுத்த முடிவுன்னு.

— கூட்டம் போடலயே?

— உப்புத்தாள் பாயோடது, சுரண்டி ஷாருலோடது, மால சின்னம்மாவோடது. இதவிட என்ன கூட்டம்?

— இப்பத்தான் நீ தெரு ஆளு மாதிரி பேசற. அழுத்தித் தேய். மெதுவாத் தடவினா வராது.

— அக்கா, நான் வரப்பவே பாத்தேன். எல்லாரும் வீட்டு வாசல் அஞ்சடி நடையில வந்து நிக்கறாங்க. ஜட்ஜஸ வரவேற்க நிக்கறாங்கன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன்.

— அவருக்காக நிக்கறாங்க. ஒரு கதவும் சாத்தல, பாரு. கடைசி வீடு வரைக்கும் தொறந்திருக்கு. நான் யாரையும் கூப்பிடல, கேட்டியா? இந்தத் தடவ ஒருத்தரையும் கூப்பிடல.

— ஓரத்துல நீலம் போக மாட்டேங்குது.

— போதும். தூரத்துலேருந்து பாத்தா பச்ச தெரியுதா? எறங்கிப் போயிப் பாரு.

— தெரியுது! நல்லாவே தெரியுது. அக்கா, தெரு முனையில ஒரு காடி வந்து நிக்குது. வெள்ளக் காரு.

— அவன்தான். காடி உள்ள வரக்கூடாதுன்னு நாமதானே கம்பி நட்டோம். நடந்துதான் வரணும். என் மொகத்துல தூசி இருக்கா?

— இருக்கு. இருங்க, தொடைக்கறேன். கண்ணு ஓரத்துல மட்டும் நீலம் போகல.

— விடு. யாரும் கூப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கான். கையக் காட்டக்கூடாதாம். அவராத்தான் வரணும்.

— சின்னம்மாவத் தாண்டிட்டாரு. அவங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க. பாய் வீட்டுக்கிட்ட நிக்கறாரு. எங்கயோ பாக்கறாரு.

— என்னால பாக்க முடியல. நீயே பாத்துச் சொல்லு.

— நிக்கறாரு. இன்னும் நிக்கறாரு. அக்கா! கதவப் பாத்துட்டாரு. வராரு. மகன் கைய உதறிட்டு வராரு!

— அழாத கீர்த்தி. நீ அழுதா நானும் அழுதுருவேன்.

— இந்தா இருக்கு பாரு! பச்ச. டேய், இதுதாண்டா நம்ம வீடு. எங்கெங்கயோ கொண்டு போயி வச்சிருந்தீங்களே!

— வாங்க. வாங்க.

— யாரு இதச் சுரண்டினது? நல்லாத்தான் சுரண்டியிருக்கீங்க, ஓரத்துல மட்டும் நீலம் நிக்குது. இது கப்பல் பெயிண்ட்டு, தெரியுமா? தண்ணி உள்ள வராது.

— தெரிஞ்சிடுச்சு அக்கா! கோகுலன் தலைய ஆட்டறாரு, பாருங்க! விட்டுட்டுப் போறேங்கறாரு!

— பாத்தேன், பாத்தேன். என்னங்க, உள்ள வாங்க. டீ போட்டு வச்சிருக்கேன்.

— இருக்கட்டும்மா. மொதல்ல நீங்க குடிங்க. இந்த வெயில்ல நின்னு வேல செஞ்சிருக்கீங்க, மொகமெல்லாம் தூசி.

— என்னங்க, நாந்தான். இங்க பாருங்க. தொடச்சிட்டேன், பாருங்க.

— பாக்கறேன்மா. நல்ல மொகம். எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு இப்பல்லாம் ஆளுங்க சட்டுனு புடிபடறதில்ல. உள்ள என் வீட்டுக்காரி இருப்பா, மீனாட்சின்னு. கொஞ்சம் கூப்பிடறீங்களா? நான் வழி கண்டுபுடிச்சு வந்துட்டேன்னு சொல்லுங்க. பயந்துக்கிட்டு இருப்பா.

— அக்கா...

— சும்மா இரு, கீர்த்தி. அவங்க உள்ளதான் இருக்காங்க. செருப்ப கழட்டிட்டு வந்து உக்காருங்க. நான் போயி கூப்பிடறேன், ஐயா.